ஒன்ராறியோவில் புதிதாகக் குடியேறியவர் வேலை தேடத் தொடங்கும் முறை

கனடா வந்து இறங்கியதும், மத்திய அரசின் சேவை அலுவலகமான சர்வீஸ் கனடா நிலையத்தில் 9 இலக்கங்கள் கொண்ட சமூகக் காப்புறுதி எண்ணை (SIN) கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் சம்பள வேலை பார்க்க இயலாது. அடுத்து 211 என்ற எண்ணை அழைத்தால், அருகிலுள்ள குடியேற்ற உதவி நிலையம், ஆங்கில வகுப்பு, உணவு வங்கி ஆகியவற்றின் விவரங்களைச் சொல்வார்கள். ஆங்கிலம் தடுமாறுபவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கத் தயங்க வேண்டாம்.

ஊரில் தயாரித்த சுயவிவரத்தை அப்படியே நீட்டுவதுதான் நம்மவர்கள் பலரும் செய்யும் தவறு. புகைப்படம், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, தந்தை பெயர் அனைத்தையும் நீக்கிவிட்டு, செய்த பணியை இரண்டு பக்கங்களுக்குள் எழுதுங்கள். “கணக்குப் பிரிவில் பணியாற்றினேன்” என்பதைவிட, “மாதந்தோறும் 300 பில்களைச் சரிபார்த்தேன்” என்ற வரி முதலாளியின் கண்ணில் படும். மாகாண அரசின் வேலை தேட உதவும் எம்ப்ளாய்மென்ட் ஒன்ராறியோ நிலையங்களில் இதை இலவசமாகவே திருத்திக் கொடுப்பார்கள்.

செவிலியர், பொறியாளர் போன்றோர் பட்டத்தை மதிப்பீடு செய்யப் பணம் கட்டுவதற்கு முன், அந்தத் தொழிலுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு எந்த மதிப்பீட்டை ஏற்கிறது என்பதை விசாரித்துக்கொள்வது நல்லது. 25 பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள், 2026 ஜனவரி 1 முதல், பொது வேலை விளம்பரங்களில் கனடிய அனுபவம் கட்டாயம் என்று கேட்கக் கூடாது.