சாமர்த்தியம் சறுக்கும் இடங்கள்: ஏலக்காய்ச் சீமையிலிருந்து சில கணக்குகள்

எங்கள் மாமா ஒருவருக்குக் கம்பம்மெட்டுக்கு மேலே மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். ஒரு வருஷம் காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு சரியாக நிற்காமல் காய் வெளுத்துப்போனது. வெளுத்த காய்க்கு விலை கிடைக்காது. மாமா யாரையும் கேட்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பச்சைச் சாயம் கரைத்து, நாலு மூட்டைக் காயை முக்கி எடுத்துக் காயவைத்துவிட்டார். காலையில் பார்த்தால் கிளிப்பச்சை. "பாத்தியா மாப்ளே, இப்ப எவன் கண்டுபிடிப்பான்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மத்தியானம் வந்த வியாபாரி சாம்பிளை உள்ளங்கையில் கொட்டினார். முகர்ந்து பார்க்கவில்லை, காயை உடைக்கவும் இல்லை. கைக்குட்டை நுனியைத் தண்ணீரில் நனைத்து இரண்டு காயைத் தேய்த்தார். துணியில் பச்சை ஒட்டியது. காயைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, "கை கழுவத் தண்ணி எங்கண்ணே இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

நாலு மூட்டை போனதோடு தீர்ந்திருந்தால் சரி. அடுத்த இரண்டு வருஷமும் மாமாவின் நல்ல காயைக்கூடத் தேய்த்துப் பார்த்துத்தான் விலை சொன்னார்கள். சொன்ன விலையும் பக்கத்துத் தோட்டத்துக்குச் சொன்னதைவிட ஒரு படி கீழேதான் இருந்தது.

மாமாவுக்கு மூளை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அவர் போட்ட கணக்கில் ஒரே ஒரு ஆள் விட்டுப்போனார்: வாங்குகிறவர். நான் பார்த்தவரையில் கவிழ்ந்துபோன கெட்டிக்காரத் திட்டங்கள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு ஆள் விட்டுப்போயிருக்கிறார். கேரள-தமிழ்நாடு பார்டரில் குடியிருக்கும் நமக்கு இந்தச் சபலம் கொஞ்சம் அதிகம். குமுளியில் ஒரு விலை, மலை இறங்கினால் வேறொரு விலை. நடுவில் புகுந்து நாலு காசு பார்க்கலாமே என்று யாருக்குத்தான் தோன்றாது?

எதை எண்ணிக் காசு கொடுக்கிறீர்களோ, அதுதான் வந்து சேரும்

1902இல் வியட்நாமின் ஹனோய் நகரில் எலித்தொல்லை. அப்போது ஆண்டுகொண்டிருந்த பிரெஞ்சு அதிகாரிகள், எலியைக் கொன்று வாலைக் கொண்டுவந்தால் காசு என்று அறிவித்தார்கள். வால்கள் வந்து குவிந்தன. அப்புறம்தான் ஊருக்குள் வாலில்லாத எலிகள் ஓடுவதைப் பார்த்தார்கள். வாலை மட்டும் வெட்டிக்கொண்டு, குட்டி போடட்டும் என்று எலியை விட்டுவிட்டார்கள் ஜனங்கள். சிலர் எலிப்பண்ணையே வைத்துவிட்டார்கள். திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

சிரிக்கிறோம். ஆனால் தோட்டத்தில் நாமும் இதைத்தான் செய்கிறோம். நாள் கூலிக்கு வைத்தால் ஆட்கள் மெதுவாகப் பறிக்கிறார்கள் என்று ஒரு சிலர் கிலோவுக்கு இவ்வளவு என்று மாற்றுவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் தராசைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கும். கூடையைக் கொட்டினால் பிஞ்சும் பூவுமாகக் கிடக்கும். கரிங்காய்ப் பக்குவத்தில், அதாவது நன்றாக முற்றியபின் பறித்தால் ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஏறக்குறைய ஒரு கிலோ காய்ந்த காய் தேறும். பிஞ்சு கலந்தால் அந்தக் கணக்கு நிற்காது, நிறமும் வராது, அடுத்த சுற்றில் பறிக்க வேண்டிய காயும் இப்போதே போயிருக்கும். பறித்தவர்களைத் திட்டி என்ன செய்ய? எடைக்குக் காசு என்றீர்கள், எடை கொடுத்தார்கள்.

நமக்குத் தோன்றியது எல்லோருக்கும் தோன்றும்

2018 வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் அடிவாங்கின. காய் வரத்து குறைந்தது. 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் ஒரு லாட் (ஒன்றாக ஏலம் போகும் சரக்கு) கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அன்றைக்குக் கம்பத்திலும் போடியிலும் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. அந்த விலை கிடைத்தது ஒரு லாட்டுக்கு. அன்றைய சராசரி அதற்கு எவ்வளவோ கீழே. ஆனால் 7,000 என்ற எண்தான் எல்லோர் மண்டையிலும் உட்கார்ந்தது. மிளகுக்கொடியை வெட்டிவிட்டு ஏலம் நட்டவர்கள் உண்டு. நகையை வைத்துக் குத்தகைக்குப் பிடித்தவர்களும் உண்டு.

ஏலச்செடி நட்டவுடன் காய்க்காது, இரண்டு மூன்று வருஷம் ஆகும். அத்தனை பேர் நட்டதும் சேர்ந்து காய்த்தபோது, 2022இல், விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. போதாக்குறைக்கு வெளிநாட்டுச் சந்தையில் குவாத்தமாலா காய் வேறு போட்டிக்கு நிற்கிறது. உரம், மருந்து, கூலி எதுவும் இறங்கவில்லை. ஒவ்வொருவர் கணக்கும் தனித்தனியே பார்த்தால் சரிதான். பக்கத்துத் தோட்டக்காரரும் அதே ராத்திரி அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

பெயர் மாற்றிப் போட்ட பில்

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே இதில் விழுகிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் வணிகவரிச் செக்போஸ்டுகள் போய்விட்டன. 2018 ஏப்ரலில் இருந்து, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (ஆன்லைனில் பதிந்து எடுக்கும் சரக்குச் சீட்டு) வேண்டும். செக்போஸ்ட்தான் இல்லையே என்று, இல்லாத ஒரு கம்பெனி பெயரிலோ யாரோ ஒருவர் பெயரிலோ பில் போட்டுக் காயை மலை இறக்குகிறார்கள். பிடிபட்டாலும் நம் பெயர் வராது என்பது யோசனை.

செக்போஸ்ட்தான் போனது, பறக்கும் படை போகவில்லை. பிடித்தால் கணக்கு இப்படி. 100 கிலோ காய், கிலோ 2,500 என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு இரண்டரை லட்சம், 5 சதவீத வரி 12,500. சரக்கின் உரிமையாளர் என்று ஒருவர் முன்வந்தால் அபராதம் வரியைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 25,000. யாரும் முன்வராவிட்டால் சரக்கு மதிப்பில் பாதி அல்லது வரியில் இரண்டு மடங்கு, இதில் எது அதிகமோ அது. நம் கணக்கில் அது 1,25,000. பில்லில் இருப்பவர்தான் உரிமையாளர் என்று எடுத்துக்கொள்வார்கள். பில்லில் இருப்பவரோ ஆளே இல்லை. நம் பெயர் வரக்கூடாது என்று செய்த ஏற்பாடு, சரக்கு நம்முடையது என்று சொல்லும் வாயையும் அடைத்துவிடுகிறது. ஒளிந்துகொள்ளப் போய் ஒரு லட்சம் கூடுதல். அதற்குள் ஓட்டிவந்த ஜீப்பும் நிற்கும், டிரைவர் அண்ணன் வாடகையும் ஏறும்.

பெட்ரோல் விஷயம் சின்னது, இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டைவிடக் கேரளாவில் பெட்ரோல் விலை அதிகம், 2023 ஏப்ரலில் லிட்டருக்கு இரண்டு ரூபாய் செஸ் வேறு சேர்ந்தது. அதற்காகவே குமுளியிலிருந்து ஜீப்பை இறக்கி நிரப்பிக்கொண்டு ஏறுகிறவர்கள், போக வர இருபது கிலோமீட்டருக்கு எரிந்த இரண்டு லிட்டரை யார் கணக்கில் எழுதுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கம்பத்தில் வேறு வேலை இருந்து வருகிறவர் நிரப்பிக்கொள்ளட்டும், அது நியாயம்.

பன்றிக்கு வைத்த கம்பி

கடைசியாக ஒன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் வயலை உழுதுபோட்டுவிடும், அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். அதற்காக வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுத்து வரப்பைச் சுற்றிக் கட்டுகிறார்கள். கம்பிக்குப் பன்றி எது, ஆள் எது என்று தெரியாது. 2023 செப்டம்பரில் பாலக்காடு கரிங்கரப்புள்ளியில் இப்படி வைத்த கம்பியில் இரண்டு இளைஞர்கள் செத்துப்போனார்கள். வயல்காரர் பயந்துபோய் உடல்களை அதே வயலில் புதைத்துவிட்டார். போலீஸ் தோண்டி எடுத்தது, அவர் கைதானார். காலையில் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நினைப்பில் தாமே கம்பியில் கை வைத்துச் செத்துப்போன விவசாயிகளும் பார்டரின் இரண்டு பக்கமும் உண்டு. இத்தனைக்கும் தொல்லை கொடுக்கும் பன்றியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022இலேயே பஞ்சாயத்துத் தலைவர்களிடம் கொடுத்துவிட்டது. மனு எழுதி அலைய வேண்டும், அதுதான் அலுப்பு.

திட்டம் போடாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் கேட்கமாட்டேன். போட்ட திட்டத்தை ஊரிலேயே பெரிய தந்திரக்காரர் யாரோ, அவரிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். "சரி, நான் அந்தப் பக்கம் இருந்தா என்ன பண்ணுவேன்னு யோசிச்சியா?" என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் சாயத்தைக் கரைக்காதீர்கள்.

மாமா இப்போது பச்சைக்காயைச் சலவைச் சோடாத் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறப்போட்டு ஸ்டோரில் ஏற்றுகிறார். நிறம் நிற்க எல்லோரும் செய்வதுதான். வியாபாரி வந்தால், கேட்பதற்கு முன்னாலேயே ஈரத்துணியை மாமாவே எடுத்து நீட்டுகிறார்.