கருந்துளையின் திரள் வட்டு நிலை மாறுவதை நீங்களே வரைந்து பார்க்கலாம்

கருந்துளையும் விண்மீனும் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை அமைப்பில், விண்மீனின் வாயு கருந்துளையைச் சுற்றித் திரள்வதுதான் திரள் வட்டு. அதை வட்டாகவே பார்ப்பது நடக்காது. எந்தத் தொலைநோக்கிக்கும் அது ஒரு புள்ளிதான். ஆனால் அதன் எக்ஸ் கதிர் நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்பதை வரைந்தாலே வட்டின் நடத்தை தெரிந்துவிடும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2009 முதல் இயங்கும் ஜப்பானின் மாக்ஸி கருவி இதற்கான தரவை இலவசமாகத் தருகிறது.

படி 1: மாக்ஸி தளத்தில் 'மாக்ஸி ஜே1820+070' (2018இல் வெடித்துப் பிரகாசித்த ஒரு கருந்துளை இரட்டை) பக்கத்தைத் திறந்து, ஒரு நாள் சராசரிக் கோப்பை இறக்குங்கள். 90 நிமிடக் கோப்பில் இரைச்சல் அதிகம், வேண்டாம்.

படி 2: முதல் நிரல் மாற்றிய ஜூலியன் நாள், அதாவது நாள்களை ஒரே தொடர் எண்ணாக எண்ணும் முறை. 58188 என்றால் 2018 மார்ச் 11. 58180 முதல் 58420 வரை மட்டும் எடுங்கள்.

படி 3: 4–10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எக்ஸ் கதிரின் ஆற்றல் அலகு) மதிப்பை 2–4 மதிப்பால் வகுத்தால் கடினத்தன்மை, அதாவது உயர் ஆற்றல் கதிர் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பது, கிடைக்கும். சிக்கலே இங்கேதான். பின்னணியைக் கழித்துத் தருவதால், ஒளி மங்கிய நாள்களில் 2–4 மதிப்பு பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், சில நாள் எதிர்மறையாகவும் போகும். அப்படியே வகுத்தால் விகிதம் 40 என்றும் −12 என்றும் தாறுமாறாக வந்து, மற்ற புள்ளிகளெல்லாம் ஒரு மூலையில் நசுங்கிவிடும். விகிதம் பெரிதாக இருக்கிறதே என்று வரிகளை நீக்காதீர்கள். உண்மையிலேயே கடினமான நாள்களும் கூடவே போய்விடும். வகுப்பதற்கு முன்பே, இரண்டு பட்டைகளிலும் மதிப்பு அதன் பிழையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் உள்ள வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 10–20 நிரல் இதற்குத் தேவையில்லை.

படி 4: கிடை அச்சில் கடினத்தன்மை, நிலை அச்சில் 2–20 மொத்த ஒளி. இரண்டுமே மடக்கை அளவு. புள்ளிகளை நாள் வரிசையில் கோட்டால் இணையுங்கள், இல்லாவிட்டால் எந்தப் பக்கம் நகர்கிறது என்றே புரியாது. எக்செல் போதும்தான்; ஆனாலும் நாளுக்கேற்ப நிறம் மாற்றுவது பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் ஒரே வரி, அதனால் என் ஓட்டு அதற்கே.

இப்போது படத்தைப் பாருங்கள். மார்ச் முதல் ஜூன் வரை புள்ளிகள் வலப்பக்கமே நிற்கும்: கருந்துளைக்கு அருகே உள்ள மிகச் சூடான வாயுவான கரோனாவின் கடினக் கதிர் ஓங்கிய காலம். ஜூலையில் சடாரென்று இடப்பக்கம் தாவும். இனி வட்டின் சொந்த வெப்ப ஒளிதான் மேலோங்கும். செப்டம்பர் கடைசியில் வலப்பக்கம் திரும்பும், ஆனால் போனதைவிட ஒளி மிகக் குறைந்த மட்டத்தில். போன வழியே ஏன் திரும்புவதில்லை என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம்தான்.

பிற்சேர்க்கை: இன்னொரு கருந்துளை இரட்டையான சிக்னஸ் எக்ஸ்-1 தரவில், இப்படி இடப்பக்கம் போய் வேறு வழியில் திரும்பும் சுற்று வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். வராது. அது வெடித்து அடங்கும் வகையல்ல. பெருநிறைத் துணை விண்மீனின் காற்று எப்போதும் தீனி போட்டுக்கொண்டே இருப்பதால் குறுகிய எல்லைக்குள் இப்படியும் அப்படியும் ஆடும். முழுச் சுற்று வேண்டுமென்றால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெடிக்கும் ஜிஎக்ஸ் 339-4 தரவை எடுங்கள்.