டிஸ்கஸ்: ஆறு குட்டி மீனிலிருந்து முதல் குஞ்சு வரை

சென்னை கொளத்தூர் அலங்கார மீன் கடைகளில் 'பிரீடிங் பேர்' (இனப்பெருக்க ஜோடி) என்று சொல்லி விற்கும் டிஸ்கஸ் ஜோடியைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் வாங்க வேண்டாம். தட்டு போல வட்டமான இந்த மீனில் ஆண், பெண் பார்த்துப் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். ஆறு குட்டிகள் வாங்குங்கள், ஜோடியை அவையே தேர்ந்தெடுக்கட்டும்.

1. தொட்டி

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அடியில் கல், மணல் எதுவும் வேண்டாம். கழிவு ஒளிந்துகொள்ள இடம் இருக்கக் கூடாது. ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஹீட்டரும் போதும். வெப்பம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ். கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் விட வேண்டும். இதற்கு ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகலாம்.

2. மீன்

மூன்று அங்குலக் குட்டிகள். உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண், கறுத்த நிறம், வெள்ளை நூல் போன்ற கழிவு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். ஏஞ்சல் மீனோடு சேர்க்காதீர்கள், அதிலிருந்து ஒட்டுண்ணி தொற்றக்கூடும்.

3. தினசரி வேலை

குட்டிகளுக்கு நாளைக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி. மீந்ததை உடனே உறிஞ்சி எடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். இதற்குச் சோம்பல் என்றால் வேறு மீன் வளர்க்கலாம், தப்பில்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நீக்கிவிட்டு ஊற்றுங்கள்.

4. ஜோடி

ஒரு வயதைத் தாண்டியதும் இரண்டு மீன்கள் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும், ஃபில்டர் குழாயைக் கொத்திச் சுத்தம் செய்யும். அவற்றை மட்டும் ஒன்றரை அடி சதுரத் தொட்டிக்கு மாற்றி, முட்டையிட நடுவில் சுட்ட மண் கூம்பு ஒன்று வையுங்கள்.

வளர்க்கச் சாதாரணத் தண்ணீர் போதும். ஆனால் முட்டை கருவுற மென்நீர், அதாவது உப்புகள் குறைந்த தண்ணீர் வேண்டும். சென்னை போர் தண்ணீரில் பெரும்பாலும் அது நடக்காது. ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின்) அளவை 100 பி.பி.எம். பக்கம் கொண்டுவாருங்கள். அதையும் மெதுவாக, பல நாட்களில்.

இவ்வளவும் செய்தும் முட்டைகள் ஒவ்வொரு முறையும் வெளுத்துப்போனால், இரண்டும் பெண்ணா என்று பாருங்கள். என் முதல் 'ஜோடி' அப்படித்தான்!

5. குஞ்சு

இரண்டரை நாளில் பொரியும். அப்புறம் இரண்டு மூன்று நாள் கூம்பிலேயே ஒட்டிக்கொண்டு வால் ஆட்டும். நீந்தத் தொடங்கியதும் நேரே பெற்றோரின் உடம்புக்குப் போகும். அங்கே தோலில் சுரக்கும் வழவழப்புதான் முதல் உணவு. அதனால் பெற்றோரைப் பிரிக்கவே கூடாது. குஞ்சுகள் வழி தவறாமல் இருக்கத் தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, இரவில் மங்கலான விளக்கு ஒன்று போடுங்கள்.

முதல் சில தடவை பெற்றோரே முட்டையைத் தின்றுவிடும். கூம்பைச் சுற்றி வலை போடலாம், நான் போடுவதில்லை. மூன்றாவது நாலாவது தடவையில் பல ஜோடிகள் தாமே பழகிக்கொள்கின்றன.

நீந்தத் தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா (மிகச் சிறிய உப்புநீர் இறால்) கொடுக்கலாம். வயிறு ஆரஞ்சு நிறமானால் குஞ்சு சாப்பிடுகிறது. மூன்று வாரத்தில் குஞ்சுகளைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அதற்குள் பெற்றோரின் உடம்பெல்லாம் கொத்துப்பட்ட தழும்பாக இருக்கும், அடுத்த முட்டைக்கு முன் சில வாரம் ஓய்வு கொடுங்கள்.