பாய்ப்படகு பழகும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாய்ப்படகு ஓட்டப் பழக வரும் பெண்களிடம் நான் பார்க்கும் தவறுகளில் பல, ஒரு காலத்தில் நானும் செய்தவை. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கரை நெருங்கியதும் சுக்கானைக் கொடுத்துவிடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று ஏறும். அந்தக் காற்றில் ஒரு பெண் அருமையாக ஓட்டிக்கொண்டு வருவார். ஜெட்டி, அதாவது படகுத்துறை, நெருங்கியதும் கூட வந்த கணவரிடமோ அண்ணனிடமோ "நீங்க பிடிங்க" என்று, சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லரை நீட்டிவிடுவார்.

அப்படி ஒரு ஜோடி என் கண் முன்னாலேயே இடம் மாறினார்கள். நாலு மீட்டர் படகு. எடை ஒரு பக்கம் சாய, படகு திரும்பிவிட்டது. பாயின் அடியில் இருக்கும் கட்டையான பூம் சடாரென்று மறுபக்கம் வீசியது. தலைகள் தப்பின, படகின் மூக்கு கான்கிரீட்டில் மோதி ஃபைபர் பிளந்தது. மேலே நின்றவர்கள், "முன்னாடியே அவர்கிட்ட குடுத்திருக்கலாமேம்மா" என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. டில்லர் அந்தப் பெண்ணின் கையிலேயே இருந்திருந்தால் இடம் மாறும் வேலையே வந்திருக்காது.

ஃபைபரை ஒட்டிவிடலாம். ஆனால் கரை சேர்க்கப் பழகாதவருக்குப் படகை நிறுத்தவே தெரியாது. கூட வந்தவர் தண்ணீரில் விழுந்தால், திரும்பி வந்து அவர் பக்கத்தில் நிறுத்த வேண்டியது நீங்கள்தானே?

படகுக்கு பிரேக் கிடையாது. முதலில் ஜெட்டியில் பறக்கும் கொடியைப் பார்த்துக் காற்றின் திசையைத் தெரிந்துகொள்ளுங்கள். காற்று முகத்தில் சாய்வாகப் படும்படி வாருங்கள். தூரத்திலேயே, பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறான மெயின்ஷீட்டைத் தளர்த்தினால் பாய் படபடக்கும், வேகம் குறையும். கடைசியில் மூக்கை நேராகக் காற்றுக்குள் திருப்புங்கள், நின்றுவிடும். வேகம் அதிகம் என்று தோன்றினால் விலகிச் சுற்றி மறுபடி வாருங்கள், எத்தனை முறை ஆனாலும் சரி. காலை நீட்டி மட்டும் தடுக்காதீர்கள்.

ஜெட்டி பயமாக இருந்தால், திறந்த நீரில் காலி கேன் ஒன்றைக் கல் கட்டி மிதக்கவிட்டு, கைக்கு எட்டும் தூரத்தில் நிறுத்திப் பழகுங்கள். கூட வருபவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும்.

புதுச்சேரியின் ரூபாவும் கேரளத்தின் தில்னாவும், இருவரும் கடற்படை அதிகாரிகள், 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து தாரிணி என்ற பாய்ப்படகில் கிளம்பி உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். படகில் மூன்றாவது ஆள் கிடையாது.

பொருந்தாத பெரிய பாய்

ஐஎல்சிஏ என்ற ஒற்றை ஆள் பாய்ப்படகுக்குப் பாய் மூன்று அளவுகளில் உண்டு: 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர். எடை குறைந்த பெண்ணுக்குப் பெரியதை மாட்டிவிட்டால், காற்று ஏறும்போது கவிழ்ந்துகொண்டே இருப்பார். குறை தன்னிடம்தான் என்று நினைத்து அப்புறம் வரவே மாட்டார். சிறியதைக் கேட்டு வாங்குங்கள். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் ஓட்டியது நடு அளவுதான்.

தளர்ந்த லைஃப் ஜாக்கெட்

தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். தாடைவரை ஏறினால் மாற்றுங்கள்.

அவிழ்ந்த கூந்தல்

மெயின்ஷீட் கப்பியில் சிக்கும். கட்டுங்கள்.

கவிழ்ந்து பழகாதது

காற்று குறைந்த காலையில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது நீங்களே கவிழ்த்து நிமிர்த்திப் பாருங்கள். முதல் வாரத்திலேயே.