நாஸ் பெட்டியில் ஹார்டு டிஸ்க் மாற்றுவது எப்படி? (உருவும் முன் அடுத்த டிஸ்க்கைப் பாருங்கள்)

என் வீட்டு நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோர் கோப்பையும் சேமிக்கும் பெட்டி), சினாலஜி டி.எஸ்.218 பிளஸ். இரண்டு ஸ்லாட், இரண்டு 4 டிபி ஹார்டு டிஸ்க். 2018இல் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிப் போட்டவை. 2024 மே மாதம் ஒரு நள்ளிரவில் பெட்டி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. இரண்டாவது டிஸ்க்கில் பழுது. மாற்றினால் போச்சு என்று மறுநாளே புது டிஸ்க் வாங்கி வந்து, பழையதை உருவி, புதியதைச் செருகி, ரிப்பேர் (மிச்ச டிஸ்க்கிலிருந்து புதியதுக்குத் தரவை நகலெடுப்பது) பொத்தானை அழுத்திவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால் 71 சதவீதத்தில் நின்றிருந்தது. நல்லது என்று நான் நம்பியிருந்த முதல் டிஸ்க்கிலும் படிக்க முடியாத இடங்கள். அதுவும் ஆறு வயதுக் கிழம்தானே! மூன்று வாரத்துக்கு முந்தைய பேக்கப் வெளி டிஸ்க்கில் இருந்ததால் தப்பித்தேன். அதற்குப் பின் எடுத்த இரண்டு வீடியோக்கள் மட்டும் போயே போய்விட்டன.

போன மாதம் மச்சான் வீட்டில் இதே மாடல் பெட்டியில் 4 டிபி டிஸ்க்குகளை எடுத்துவிட்டு 8 டிபி போட்டுக் கொடுத்தேன். இந்த முறை ஒழுங்காக நடந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ரெய்ட் 1 (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதுவது), எஸ்.எச்.ஆர் (சினாலஜியின் சொந்த ரெய்ட் முறை) பற்றித் தெரியும், டி.எஸ்.எம் 7 (சினாலஜி பெட்டியின் இயங்குதளம்) ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பேக்கப். ரெய்ட் பேக்கப் ஆகாது என்று ஆயிரம் பேர் சொல்லியாயிற்று, நான் ஆயிரத்தொன்று. வெளி யூ.எஸ்.பி டிஸ்க்கில் சினாலஜியின் ஹைப்பர் பேக்கப் மென்பொருள் மூலம் எடுங்கள். எடுத்தபின் அதிலிருந்து நான்கைந்து கோப்புகளைத் திறந்தும் பாருங்கள்.

படி 1: இரண்டு டிஸ்க்குகளையும் சோதிப்பது

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

டி.எஸ்.எம்மின் ஸ்டோரேஜ் மேனேஜரில் டிஸ்க்குக்கு எதிரே பச்சையாக 'ஹெல்தி' என்று போட்டிருக்கும். அதை முழுசாக நம்பாதீர்கள். டிஸ்க் தான் படித்துப் பார்த்த இடத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். 2019இல் போட்டோவைப் போட்டு வைத்துவிட்டு அதன்பின் திறக்கவே இல்லை என்றால், அந்த இடம் கெட்டுப்போனது டிஸ்க்குக்கே தெரியாது. பரணில் வைத்த அண்டாவில் ஓட்டை விழுந்ததைத் தண்ணீர் ஊற்றும் அன்றுதானே கண்டுபிடிக்கிறோம், அதே கதை. ரிப்பேர் ஓடும்போது மிச்சமிருக்கும் ஒற்றை டிஸ்க்கை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். அப்போது கோளாறு தெரிந்தால் கை கொடுக்க இன்னொரு பிரதி இல்லை.

ஆகவே, இரண்டு டிஸ்க்கும் உள்ளே இருக்கும்போதே இரண்டுக்கும் ஸ்மார்ட் (டிஸ்க் தன்னைத் தானே சோதிக்கும் வசதி) எக்ஸ்டெண்டட் டெஸ்ட் ஓட்டுங்கள். குவிக் டெஸ்ட் போதாது, அது இரண்டு நிமிடச் சமாதானம். எக்ஸ்டெண்டட் டெஸ்ட் டிஸ்க்கின் பரப்பு முழுவதையும் படிக்கும். 4 டிபிக்கு ஒரு ராத்திரி ஆகும். முடிந்ததும் ஸ்மார்ட் விவரப் பட்டியலில் 5, 197, 198 என்ற எண்களுக்கு எதிரே உள்ள அசல் மதிப்பை (ரா வேல்யூ) பாருங்கள். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்). 197, படிக்கத் தடுமாறி நிலுவையில் நிற்பவை. 198, படிக்கவே முடியாதவை. 5இல் சில எண்கள் இருந்து ஏறாமல் நின்றால் அவ்வளவு பயமில்லை. 197, 198 பூஜ்யமாக இல்லையென்றால் அந்த டிஸ்க்கை நம்பக் கூடாது. 199 ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் அல்லது இணைப்பில்தான் கோளாறு, டிஸ்க்கைத் திட்டாதீர்கள். 9க்கு எதிரே இருப்பது ஓடிய மணிநேரம். என்னுடையது ஏறக்குறைய 51,000 காட்டியது.

வால்யூம் (கோப்புகள் இருக்கும் பகுதி) பி.டி.ஆர்.எஃப்.எஸ் என்ற கோப்பு முறையில் இருந்தால் டேட்டா ஸ்க்ரப்பிங்கும் (சேமித்த தரவைப் படித்துச் சரிபார்ப்பது) ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஷேர்டு ஃபோல்டரை உருவாக்கும்போதே செக்சம் (தரவு மாறிவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) போட்டிருந்தால், ஒரு பக்கம் பழுதான தரவை மறுபக்கத்திலிருந்து சரிசெய்துவிடும். இரண்டு டிஸ்க்கும் உயிரோடு இருக்கும்போதுதான் இது நடக்கும். இ.எக்ஸ்.டி.4 என்ற கோப்பு முறை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு டிஸ்க் பெட்டியில் இந்த வசதி இல்லை.

ஒரு டிஸ்க்கில் மட்டும் கோளாறா? அதை முதலில் உருவ வேண்டும். இரண்டிலும் கோளாறா? ரிப்பேர் பக்கமே போகாதீர்கள். எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு, இரண்டு புது டிஸ்க்கும் போட்டுப் புதிதாக ஸ்டோரேஜ் பூல் (டிஸ்க்குகளைச் சேர்த்த மொத்தச் சேமிப்பிடம்) உருவாக்குங்கள். நானும் கடைசியில் அதைத்தான் செய்தேன், மூன்று நாள் தலைவலிக்குப் பிறகு.

படி 2: வாங்குவது

சி.எம்.ஆர் (தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத) டிஸ்க்காக வாங்குங்கள். எஸ்.எம்.ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரே ஒரு ஓடு மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் கழற்றி அடுக்க வேண்டும். ரிப்பேர் போல நெடுநேரம் தரவை எழுதும் வேலையில் அது ஆமையாகிவிடும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை சில மாடல்கள் எஸ்.எம்.ஆர் என்பது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. அதற்குப் பிறகு சி.எம்.ஆர் மாடல்களை 'ரெட் பிளஸ்' என்று பிரித்தார்கள். என் ஓட்டு ரெட் பிளஸ் அல்லது சீகேட் ஐயன்வுல்ஃப். என்டர்பிரைஸ் டிஸ்க் மலிவாகக் கிடைத்தாலும் படுக்கையறைப் பக்கம் வேண்டாம். ராத்திரி கரகரவென்று அம்மி அரைக்கும்.

இரண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒரே தயாரிப்புத் தொகுதியில் வந்தவை சேர்ந்தே சாக வாய்ப்பு அதிகம். மச்சானுக்கு ஒன்றை சென்னை ரிச்சி தெருவில் வாங்கினோம், இன்னொன்றை ஆன்லைனில். ஆன்லைன் டிஸ்க் ஒற்றை பிளாஸ்டிக் உறைக்குள் லொடலொடவென்று வந்தது. திருப்பி அனுப்பி வேறு வாங்கினோம். வாங்கியதும் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, இந்தியாவில் வாரண்டி உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

பெட்டிக்குள் போடுமுன் யூ.எஸ்.பி டாக்கில் (டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் தாங்கி) செருகி, விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ வைத்துப் பார்ப்பது என் பழக்கம். டாக்குக்குத் தனி அடாப்டர் இருக்க வேண்டும். 3.5 அங்குல டிஸ்க் வெறும் யூ.எஸ்.பி மின்சாரத்தில் சுற்றாது. ஓடிய மணிநேரம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். அந்த மென்பொருள் அசல் மதிப்பைப் பதினாறடிமான எண்ணில் காட்டும். அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சீகேட் டிஸ்க்கில் 1, 7 ஆகியவற்றுக்கு எதிரே தலைசுற்றும் எண் தெரியும். பிழைக் கணக்கையும் மொத்தச் செயல் கணக்கையும் ஒரே எண்ணில் அடைப்பதால் வருவது அது, பதற வேண்டாம்.

படி 3: மாற்றுவது

டிரேயில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் எழுதுங்கள். இரண்டு ஸ்லாட் பெட்டியில் இடது ஒன்று, வலது இரண்டு. இருந்தாலும் அவசரத்தில் கை நல்ல டிஸ்க்கின் மேல்தான் போகும்.

ஸ்டோரேஜ் மேனேஜரில் கெட்ட டிஸ்க்கைத் தேர்ந்து, ஆக்ஷன் மெனுவில் 'டீஆக்டிவேட் டிரைவ்' கொடுங்கள். பீப் வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். டிரேயைக் கொஞ்சம் வெளியே இழுத்து, உள்ளே தட்டு சுற்றுவது நிற்கும்வரை அரை நிமிடம் பொறுத்துவிட்டு முழுதாக எடுங்கள். புதியதைச் செருகுங்கள். ஃபார்மேட் எதுவும் வேண்டாம். ஸ்டோரேஜ் பூலுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகளை அழுத்தினால் ரிப்பேர் இருக்கும், புது டிஸ்க்கைத் தேர்ந்தால் போதும். புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.

குளோபல் செட்டிங்ஸில் ரெய்ட் ரீசிங்க் (ரிப்பேர் நகலெடுப்பு) வேகத்தை 'ஃபாஸ்டர்' ஆக்கினோம். மாலை 6 மணிக்கு ஆரம்பித்தது, காலை 5 மணிக்கு முடிந்தது. அதுவரை அந்தப் பெட்டியிலிருந்து யாரும் படம் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. யூ.பி.எஸ் கட்டாயம். அதன் யூ.எஸ்.பி கேபிளை நாஸில் செருகி, கண்ட்ரோல் பேனலில் யூ.பி.எஸ் ஆதரவை ஆன் செய்தால், கரண்ட் போய் பேட்டரி தீரும் முன் பெட்டி தானே முறையாக நின்றுவிடும்.

அப்புறம் உடனே அடுத்த டிஸ்க்கை உருவாதீர்கள். புது டிஸ்க்குக்கு எக்ஸ்டெண்டட் டெஸ்ட் ஓட்டி, அது தேறிய பிறகு இரண்டாவதுக்கும் இதையே செய்யுங்கள்.

நான்கு ஸ்லாட் பெட்டியில் ஒன்று காலியாக இருந்தால் இந்தக் கூத்தே வேண்டாம். காலி ஸ்லாட்டில் புதியதைப் போட்டு 'ரீப்ளேஸ் டிரைவ்' கொடுத்தால், பழையது உள்ளே இருக்கும்போதே தரவு இடம் மாறிவிடும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த நண்பர் ஒருவர், டிரே துளைகளும் புது டிஸ்க்கின் துளைகளும் பொருந்தவில்லை என்றார். பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் சிலவற்றில் நடுத்துளை இருக்காது. ஓரத் துளைகளில் திருகினால் சரி.

இன்னொருவர், இரண்டும் மாற்றியும் வால்யூம் பழைய 3.6 டிபியிலேயே நிற்கிறது என்று கேட்டிருந்தார். மச்சான் வீட்டிலும் அப்படித்தான் நின்றது. பூல் பெரிதாகியிருக்கும், வால்யூமை நாம்தான் பெரிதாக்க வேண்டும். வால்யூமின் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், அளவுக்குப் பக்கத்தில் 'மேக்ஸ்'. 8 டிபி டிஸ்க்கை 7.3 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கணக்கு 1000க்கும் 1024க்கும் உள்ள வித்தியாசம்.

கழற்றிய டிஸ்க்கை ஒரு மாதமாவது பீரோவில் வைத்திருங்கள். பிறகு பழைய சாமான்காரரிடம் போடுமுன் செக்யூர் எரேஸ் செய்யுங்கள். எரேஸ் ஆகாத அளவுக்குக் கெட்டிருந்தால், டிரில்லிங் மெஷினால் தட்டுக்கு நடுவே இரண்டு துளை.