பிட் வழுக்கியது, டிரில்லின் சக்கை மாற்றினேன்

என் டிரில்லில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக், சாவியில்லாமல் கையாலேயே இறுக்கும் வகை. மரத்தில் துளை போடும்வரை அதைக் குறை சொல்ல முடியாது. இரும்புப் பட்டையில் 10 மி.மீ. பிட்டை இறக்கினால்தான் வம்பு. சக் சுற்றும், பிட் நின்றுவிடும். தண்டில் இருந்த எண்ணெயைத் துடைத்துப் பார்த்தேன், தாடைகளில் படிந்த தூசியையும் தட்டிவிட்டேன். சின்ன பிட் வழுக்காமல் பிடித்தது, பெரியது மறுபடி வழுக்கியது. சரி, சாவி போட்டு இறுக்கும் சக்கே போடலாம் என்று முடிவெடுத்தேன்.

வாங்கும் முன், சக் டிரில்லில் மாட்டும் மரையின் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் சக்கின் மேலேயே பொறித்திருக்கும். என்னுடையது 1/2-20, அதாவது அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 புரி. சில டிரில்களில் 3/8-24 வரும். ஒன்றுக்கொன்று பொருந்தாது.

கழற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தாடைகளை முழுக்கத் திறந்தால் உள்ளே ஒரு திருகு தெரியும். அது இடக்கை மரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும், வழக்கம்போல் திருப்பினால் இன்னும் இறுகும். அப்புறம் பெரிய அலன் சாவியை (L வடிவ அறுகோணக் கம்பி) சக்கில் கவ்வவைத்து, இடப்பக்கமாகச் சுத்தியலால் ஒரு தட்டு. சக் கழன்றுவிட்டது.

புதியதில் மூன்று துளைகளிலும் சாவியைப் போட்டு இறுக்குகிறேன். ஒன்றோடு நிறுத்தினால் பிடி குறைகிறது. சாவியைப் பிளக் பக்கம் ஒயரில் கட்டிவைத்திருக்கிறேன். பிளக்கைப் பிடுங்காமல் அது சக்கை எட்டாது. சாவியோடு மோட்டார் ஓடினால் அது எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

பேட்டரி டிரில்லில் சாவியில்லாததே இருக்கட்டும். திருகு முடுக்க அடிக்கடி பிட் மாற்ற வேண்டியிருக்கிறது, அறுகோணத் தண்டு வழுக்குவதும் இல்லை.