பண்டைய எகிப்திய மொழியில் ‘வாஜ்’ என்ற நிற வினையைப் பிரித்துப் படிப்பது எப்படி

சிவந்தது, கறுத்தது, வெளுத்தது என்று நிறத்தையே வினையாக்கிப் பேசுகிறவர்களுக்கு இடைக்கால எகிப்திய மொழியின் நிறச்சொற்கள் சீக்கிரம் பிடிபடும். கெம் (கருமை), ஹெஜ் (வெண்மை), தெஷெர் (செம்மை), வாஜ் (பசுமை) எல்லாமே அங்கு வினைகள். பெயரடை போலத் தெரிவது அவற்றின் எச்ச வடிவம்தான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: உயிரொலிகளை எழுதும் வழக்கம் இல்லாததால் ஒரே எழுத்துக்கோவை பல வேலை பார்க்கும்.

முதலில் குறிகளைப் பாருங்கள். ஒற்றைப் பாப்பிரஸ் தண்டு, எகிப்தியச் சித்திர எழுத்துகளுக்கு எண் தரும் கார்டினர் பட்டியலில் எம்13, ‘வாஜ்’ என்று ஒலிக்கும். பக்கத்தில் வரும் நாகம் (ஐ10) கடைசி ‘ஜ்’ ஒலியை உறுதிப்படுத்த மட்டுமே. அதைத் தனியாகப் படித்தால் ஓர் எழுத்து கூடிவிடும். முடிவில் கட்டிய பாப்பிரஸ் சுருள் (ஒய்1) இருந்தால் சொல் பண்பையோ வினையையோ குறிக்கும். தண்டுகள் கொத்தாக நின்றால் அது எம்16, ‘ஹா’. தேய்ந்த கல்வெட்டில் இந்த இரண்டும் எளிதில் மாறிப்போகும்.

அடுத்து, சொல் நிற்கும் இடம். ‘செகெத்’ (வயல்) பெண்பால் சொல் என்பதால் பழகுவதற்கு வசதி.

செகெத் வாஜெத்: பசிய வயல். அடை பெயருக்குப் பின்னால் வரும், பெண்பால் ‘த்’ ஏற்கும்.

வாஜ் செகெத்: வயல் பசுமையானது. பயனிலை முன்னால் வந்துவிட்டதால் ‘த்’ கிடையாது. எழுத்தர் விட்டுவிட்டார் என்று நினைத்து அதைச் சேர்த்துவிடாதீர்கள். வியப்பு என்றால் ‘வாஜ்வி செகெத்’, எவ்வளவு பசுமை!

இயு செகெத் வாஜ்தி: வயல் பசுமையாகி நிற்கிறது. இது நிலைவினை, அதாவது ஒரு செயலால் விளைந்த நிலையைச் சொல்லும் வடிவம். ‘தி’ விகுதியைப் பல இடங்களில் வெறும் ‘த்’ என்றே எழுதியிருப்பார்கள். அப்போது பார்வைக்கு முதல் தொடர் போலவே இருக்கும். முன்னால் ‘இயு’ என்ற தொடர் தொடங்கும் இடைச்சொல் இருந்து, வேறு பயனிலை எதுவும் இல்லையென்றால் நிலைவினையாகவே கொள்ளுங்கள்.

‘வாஜ் செகெத்’ என்பதே ‘வயல் பசுக்கட்டும்’ என்றும் பொருள்படலாம். எழுவாய் பெயராக இருக்கும்வரை எழுத்தில் வேறுபாடு தெரியாது. சூழலைத்தான் நம்ப வேண்டும். பிரதிப்பெயர் வந்தால் குழப்பம் தீர்ந்தது: ‘வாஜ் சி’ என்று சார்புப் பிரதிப்பெயர் (தனிச்சொல்லாக நிற்பது) வந்தால் ‘அது பசுமையானது’, ‘வாஜெஸ்’ என்று விகுதியாக ஒட்டினால் ‘அது பசுக்கட்டும்’ என்பது போன்ற வினைமுற்று. ஆண்பாலில் தனிச்சொல் ‘சு’, விகுதி ‘எஃப்’. அகராதியைத் திறப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

முன்னால் ‘ஸ்’ ஒலிக்குறி நின்றால் அது பிறவினை. சுவாஜ் என்றால் பசுமையாக்கு, செழிக்கச் செய்.

பொருளில் ஒரு எச்சரிக்கை. வாஜ் பச்சை நிறத்தோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. புதிது, செழிப்பு, சமைக்காதது எல்லாம் அதில் அடங்கும். இறைச்சியோடு வந்தால் பச்சை இறைச்சி என்று தமிழில் அப்படியே வைக்கலாம், நிறத்தைத் தேட வேண்டாம். ‘வாஜ்-வெர்’, அதாவது பெரும்பச்சை, பெரும்பாலும் கடலைக் குறிக்கும்.

மற்ற மூன்று நிறங்களுக்கும் இதே வழிதான். ஹெஜ் மட்டும் ஒளியையும் சேர்த்துச் சொல்லும்: ‘ஹெஜென் தா’ என்பதற்கு நேர்ப்பொருள் நிலம் வெளுத்தது. பொழுது விடிந்தது என்று எழுதுங்கள்.